அரைத் தலைக்கட்டு

இதை எனக்கு முதலில் சொன்னவள் வெள்ளத்தாய். என் கணவருடைய சிற்றப்பா மகனின் மனைவி. ஆலங்காட்டுப்பட்டியில் நடப்பவை அனைத்தையும் அருப்புக்கோட்டையில் தனியாக இருக்கும் எனக்குத் தொலைபேசியில் அறிவிப்பதைத் தன் கடமைகளுள் ஒன்றாக வைத்துக்கொண்டிருப்பவள். நேற்று மாலை அழைத்தாள். நலம் கேட்டாள், வெயிலைப் பற்றிச் சொன்னாள், பிறகு, எனக்கு எதுவும் தெரியாது என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டே, "ஒங்களுக்குத் தெரியாமயா இருக்கும்க்கா" என்று தொடங்கினாள். குலதெய்வத்தின் மாசிக் களரித் திருவிழாவுக்கு நன்மாறன் வந்திருந்தானாம். என் மகன். ஒத்தப்பனைக் கருப்பசாமி கோயில் வாசலில் மொட்டை போட்டுக்கொண்டானாம். பங்காளிகள் கூடியிருந்த சபையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டானாம். தன்னையும் ஒரு தலைக்கட்டாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு மூவாயிரம் ரூபாய் வரி கட்டினானாம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியதும் அப்படியே அவனுடைய அப்பாவை உரித்து வைத்தாற்போல் இருந்தானாம். அவனுடைய அப்பாவைச் சந்தனம் பூசி இவள் எப்போது பார்த்தாள்? கேட்க நினைத்தேன், அதற்குள் அவள் மேலே போய்விட்டாள். "ஒங்களயும் விட்டுடலக்கா அவன். ஒங்க பேருக்கும் சேத்துக் கட்டிட்டான். ஒங்களுக்கு அரைதான, ஆயிரத்தி ஐநூறு." நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

கஞ்சி கொதிக்கத் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கஞ்சி காய்ச்சுவதை ஒரு மொட்டைத் தலைக்காக நான் நிறுத்தப் போவதில்லை. ஒரு வாரத்துச் சேலைகள் துவைத்துப் பிழிந்து வாளியில் கிடக்கின்றன. பள்ளிக்கூடம் இல்லை, வகுப்பு இல்லை, இருந்தாலும் கஞ்சி போடாத சேலையை உடுத்திக்கொண்டு நான் வாசலில் நின்று ஒருவரும் பார்த்ததில்லை. அரை. கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடி பிடிக்கும், கட்டி தட்டும், கட்டி தட்டிய கஞ்சியைச் சேலையில் போட்டால் காய்ந்தபின் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். அவன் இன்று காலை வருகிறேன் என்று வெள்ளிக்கிழமையே செய்தி அனுப்பியிருந்தான். மதுரையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். வந்து நேரில் சொல்லலாம் என்று இருந்திருப்பான். நல்ல செய்தி கொண்டுவருகிற முகத்தோடு வருவான். விழுந்தானாம். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தால் நெற்றி தரையில் படும், மூக்குத் தரையில் படும், வாய் தரையில் படும். எந்த வாய்? ஏழாம் வகுப்பில் மாவட்டப் பேச்சுப் போட்டியில் நின்று, மனிதன் மனிதனுக்கு முன் குனியலாகாது என்று பேசிப் பரிசு வாங்கிய வாய். அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தவள் நான். பொங்குகிறது, அடுப்பைத் தணி. விழுந்தவன் தனக்காக விழட்டும், அது அவன் முதுகெலும்பு. என்னை எதற்காகச் சேர்த்தான்? நான் கேட்டேனா? தலைக்கட்டு என்றால் அவர்கள் கணக்கில் ஓர் அடுப்பு. அந்த அடுப்புக்கு ஓர் ஆண் தலை. ஆண் தலை இருந்தால் முழு வரி, முழு உரிமை. கணவனை இழந்தவள் தனியாக அடுப்பு மூட்டினால் அது அரைத் தலைக்கட்டு: அரை வரி, அரை உரிமை. அவன் மனைவியோடு மதுரையில் இருக்கிறான். நான் என் ஓய்வூதியத்தில் என் வீட்டில் என் அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறேன். ஆகவே நான் அரை. முப்பத்து நான்கு ஆண்டு தமிழ் கற்பித்து, இரண்டு பள்ளிகளில் தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்து எழுந்தவளை, வேட்டி கட்டிய ஒரே தகுதியுடைய நாற்பது ஆண்கள் பனைமரத்தடியில் அமர்ந்து அரை என்று தீர்மானித்திருக்கிறார்கள். அதற்கு என் மகன் பணம் கட்டியிருக்கிறான்.

மாடிப்படி முன்பு இருந்ததைவிடச் செங்குத்தாகிவிட்டது. ஒரு கையில் கஞ்சி வாளி, ஒரு கையில் சேலை வாளி. இரண்டு நடையாகப் போகலாம்தான், போகமாட்டேன். மேடைப் பேச்சுக் கேட்டு மனம் மாறியவள் என்று என்னைப் பற்றி ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. இல்லை. மார்கழியில் விடியுமுன் குளித்துக் கோயிலைச் சுற்றி வந்த பெண் நான். திருமணமான மறு ஆண்டு, களரிக்கு வா என்று மாமியார் கூப்பிட்டபோது பட்டுடுத்திக்கொண்டு ஆசையோடு போனேன். கிடா வெட்டு முடிந்து கறியைக் கூறு போட்டார்கள். தரையில் வரிசையாகத் தேக்கிலை; இலைக்கு ஒரு கூறு; எல்லாக் கூறும் ஒரே அளவு, ஈரலில் ஒரு துண்டு, எலும்பில் ஒரு துண்டு, கொழுப்பில் ஒரு துண்டு, தராசு வைத்தாலும் அவ்வளவு சரியாக வராது. ஒவ்வொரு தலைக்கட்டாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் கணவர் போய் வாங்கினார், முழுக் கூறு. பிறகு என் மாமியாரைக் கூப்பிட்டார்கள். ராக்கம்மாள். ஊரில் தனி அடுப்பு வைத்துப் பருத்தி எடுத்துப் பிழைத்தவர், முப்பது வயதில் கணவனை இழந்து பிள்ளையைப் படிக்கவைத்தவர். அவர் இலையை எடுக்கக் குனிந்தபோது கூறு போட்டவன், "இரு ஆத்தா" என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அந்தக் கூறைக் கத்தியால் நடுவில் வகுந்தான். வகுந்து பாதியை வழித்து மண்சட்டியில் போட்டான். மீதியை இலையோடு சுருட்டிக் கொடுத்தான். அவமதிக்க வேண்டும் என்றுகூட அவன் நினைக்கவில்லை. அதுதான் என்னால் இன்றும் பொறுக்க முடியாதது. காய்கறிக்காரன் பூசணிக்காயை வகுவதைப்போல வகுந்தான். என் மாமியார் அதை வாங்கி இரண்டு கைகளாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்கு வந்து குழம்பு வைத்து எங்கள் இருவருக்கும் ஊற்றிவிட்டு, தனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி மோர்ச்சோறு சாப்பிட்டார். என் கணவர் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். அடுத்த ஆண்டு அவர் வரி கட்டவில்லை. அதற்கு அடுத்த ஆண்டும் கட்டவில்லை. எங்களுக்குக் கருப்பசாமியோடு எந்தச் சண்டையும் வந்ததில்லை. அவர் இருந்தாரா, இல்லையா, அந்தக் கத்தியைப் பார்த்தாரா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வந்த கேள்விகள்.

முதல் சேலை, பழுப்பில் பச்சைக் கரை. கஞ்சியில் அமிழ்த்தி, அமுக்கி, எடுத்துப் பிழி. இறுகப் பிழியக் கூடாது, கஞ்சி வெளியேறிவிடும். தளரப் பிழியவும் கூடாது. இவ்வளவுதான் பிள்ளை வளர்ப்பும் என்று ஆசிரியர் கூட்டத்தில் யாரோ ஒருத்தி உளறியதுண்டு. பிள்ளை சேலை இல்லை. ஆனால் எதுவும் போடாமல் வளர்த்துவிட்டாய் என்கிறார்களே, எதுவும் என்றால் எது? மணி அடித்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கற்றுத்தரவில்லை, உண்மை. இடி எப்படி இடிக்கிறது என்று கற்றுத்தந்தேன். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லவில்லை. பொய் சொன்னால் நான் நம்புவதை நிறுத்திவிடுவேன் என்று சொன்னேன், அவன் பொய் சொன்னதில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் நெற்றியில் மூன்று கோடுகளோடு வந்தான். திருநீறு இல்லை, சுண்ணாம்புக்கட்டித் தூள். எல்லாரும் பூசியிருக்கிறார்கள், நான் மட்டும் இல்லை என்றான். சேலைத் தலைப்பை நனைத்துத் துடைத்தேன். கோடு போன பிறகும் துடைத்தேன், நெற்றி சிவந்துவிட்டது. இன்று வந்து நின்றாலும் துடைப்பேன். கொஞ்சம் வளர்ந்ததும் கேலி பேசக் கற்றுக்கொண்டான்: நம் வீடும் ஒரு மடம்தான், பட்டினி மட்டும் கிடையாது, மற்றபடி எல்லாம் விதி என்பான். என் கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அவருக்கு எல்லாம் சிரிப்பு. சொல்லலாமா வேண்டாமா என்று நான் கேட்டபோது மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவை வகுந்ததைப் பிள்ளைக்குச் சொல்லாதே, அவன் எங்கம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும் என்றார். சொல்லவில்லை. காரணங்களையெல்லாம் புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தோம். கிரகணம், மின்னல், வானநூல், உயிர்நூல். எல்லாம் சரியான காரணங்கள். ஒன்றில்கூடப் பிழை கிடையாது.

இந்த முனை கொடியில் நிற்க மாட்டேன் என்கிறது. காற்று தெற்கிலிருந்து அடிக்கிறது. குழந்தை இல்லாத குறைக்காக வேண்டிக்கொண்டு போட்ட மொட்டையாக இருக்குமோ என்று நேற்று இரவு நினைத்தேன்; மருமகள் கயல்விழியை அழைத்துக் கேட்டேன். அதெல்லாம் இல்லை அத்தை, அவருக்கே வேணும்னு இருந்துச்சு, போனாரு என்றாள். தடுக்கவில்லையா என்றேன். நீங்கதானே அத்தை, அவரவர் அறிவுக்கு எது சரியோ அதைச் செய்யணும்னு சொல்வீங்க என்றாள். என் வாக்கியத்தை என்னிடமே. அவரவர் அறிவுக்கு என்றுதான் சொன்னேன், என் பெயருக்கு என்று சொல்லவில்லை. என் கணவர் இறந்தபோது உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். அவருடைய விருப்பம். ஊர்க்காரர்கள் பூவும் மஞ்சளும் தட்டில் வைத்துக்கொண்டு என்னைப் பிடித்து உட்காரவைக்க வந்தார்கள். வாசலில் நின்று, தட்டை உள்ளே கொண்டுவருபவர் யாரும் இந்த வீட்டில் இனித் தண்ணீர் குடிக்க முடியாது என்று சொன்னேன். ஒருத்தியும் வாசலைத் தாண்டவில்லை. தட்டைத் திரும்ப எடுத்துப் போனார்கள். அன்றைக்கு நான் முழுதாக நின்றேன். ஆனால் நான் போகும்போது? அதுதான் நேற்று இரவெல்லாம். நான் போகும்போது வாசலில் யார் நிற்பார்கள்? மொட்டை போட்டவன் நிற்பான். பங்காளிகள் வருவார்கள், சித்தப்பா என்பான், பெரியப்பா என்பான், அவர்கள் சொல்கிற பக்கம் தலையை வைத்து, அவர்கள் சொல்கிற எண்ணெயைத் தேய்த்து, வரி கட்டியாயிற்று அல்லவா, உரிமை இருக்கிறது அல்லவா, அரை உரிமை, பிணத்தில் எந்தப் பாதி அவர்களுக்கு? படியில் செருப்புச் சத்தம். செருப்பைக் கழற்றாமல் மாடிக்கு வரக்கூடாது என்று எத்தனை முறை. கழற்றிவிட்டான். வருகிறான்.

வெயிலில் அந்தத் தலை புதிதாக இருக்கிறது. காதுகள் இவ்வளவு பெரியவை என்று எனக்குத் தெரியாது. "வெள்ளத்தாய் சின்னம்மா சொல்லிட்டாங்களாம்மா?" என்றான். சொல்லிவிட்டாள் என்றேன். நான் நீலச் சேலையைக் கஞ்சியிலிருந்து எடுத்தேன். சிறு வயதில் செய்ததைப்போலவே எதிரில் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். சேலையைக் குறுக்கே இழுத்து உதறுவதற்கு இரண்டு பேர் வேண்டும். இழுத்தோம். கரை நேராகும்வரை இழுத்தோம். திட்டுங்கம்மா, திட்டிட்டு அப்புறம் காப்பி போட்டுக் குடுங்க என்றான். நான் திட்டவில்லை. என் பெயருக்குக் கட்டியதைத் திரும்ப வாங்கு என்றேன். அவனுக்குப் புரியவில்லை. உங்களை விட்டுட்டு நான் மட்டும் சேர்றது நல்லாவா இருக்கும், அதனாலதான் கட்டினேன் என்றான். அரை என்றால் முதியோருக்குக் கொடுக்கிற சலுகை, பேருந்தில் பாதிக் கட்டணம் மாதிரி என்று நினைத்தானாம். மெய்யாகவே அப்படி நினைத்திருந்தான். அப்போது சொன்னேன். தேக்கிலை, கத்தி, மண்சட்டி, மோர்ச்சோறு. ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சேலையின் இரு முனைகளையும் பிடித்தபடி, துணிக்கு மேலே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நீர் சொட்டி அவன் காலடியில் ஈரம் படர்ந்தது.

அவன் அழுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டான். என்னிடமிருந்து பெற்ற கோபம்தான், குரல் உயராமல் சொற்கள் மட்டும் கூர்மையாகும். "இத ஏன்மா எனக்குச் சொல்லல? பூமி சுத்துறதச் சொன்னீங்க. மழை வர்றதச் சொன்னீங்க. அப்பத்தாளுக்கு நடந்ததச் சொல்லலையே. இது தெரிஞ்சிருந்தா நானே கோவிச்சுக்கிட்டுப் போகாம இருந்திருப்பேன். நீங்க ரெண்டு பேரும் விட்டுட்டு வந்தீங்க. விட்டுட்டு வர்றதுக்கு ஒங்களுக்கு ஒரு எடம் இருந்துச்சு. எனக்கு விட்டுட்டு வர்றதுக்குக்கூட ஒண்ணும் குடுக்கலம்மா." நான் விடுதலையைக் கொடுத்தேன் என்றேன். சேலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அப்பாவக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர்ல வச்சிட்டுக் கையெழுத்துப் போட்டோம். போட்டதுக்கப்புறம் என் கைய எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. கும்பிடவா, கட்டிக்கிட்டு நிக்கவா. ஒரு அரை மணி நேரம் பாக்கெட்டுக்குள்ள விட்டு விட்டு எடுத்தேன். அந்தப் பனைமரத்தடியில விழுந்தப்ப கை ரெண்டும் தானா தலைக்கு மேல போச்சும்மா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல. எனக்குச் சாமிகூடத் தெரியல." நானும் அந்த மருத்துவமனையில் அவன் பக்கத்தில்தான் நின்றேன். என் கைகளில் அவருடைய கண்ணாடியும் கைக்கடிகாரமும் இருந்தன. என் கைகளுக்கு வேலை இருந்தது. இதை அவனிடம் சொல்ல மாட்டேன். இரக்கத்தால் பணிந்துவிட்டேன் என்று அவன் நினைத்துவிடக் கூடாது. கை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் என் தோளில் வைத்திருக்கலாம், அங்கேதானே நின்றேன்.

நீலத்தைக் கொடியில் போட்டோம். வெள்ளையில் மயில்கழுத்துக் கரை மட்டும் மிச்சம். அவன் வேறு வழி கேட்டான். பொறியாளன், எதற்கும் ஒரு வழி இருக்கும் என்று நம்புகிறவன். பெரியவர்களிடம் பேசி உங்களை முழுத் தலைக்கட்டு என்று எழுதவைக்கிறேன், இப்போது காலம் மாறியிருக்கிறது, கேட்டால் கேட்பார்கள் என்றான். எழுதினால் வருவீர்களா என்றான். வரமாட்டேன் என்றேன். "நீங்க வரவே போறதில்ல. அப்புறம் அரையா இருந்தா என்ன, முழுசா இருந்தா என்னம்மா ஒங்களுக்கு?" நல்ல கேள்வி. நான் கற்பித்த பிள்ளை கேட்கிற கேள்வி. வெள்ளைச் சேலையைக் கஞ்சியில் அமிழ்த்திக்கொண்டே சொன்னேன். "நான் வேண்டாம்னு சொல்றது என் வார்த்தை. பாதின்னு சொல்றது அவங்க வார்த்தை. அவங்க வார்த்தைக்கு நீ பணம் கட்டியிருக்கே. உன்னைப் போகாதேன்னு நான் சொல்லல. உன் தலை, உன் முடி, உன் மூவாயிரம். என் பெயரை எடுத்துட்டு வா." சேர்ந்து ரெண்டு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் போய் அதைத் திருப்பிக் கொடு என்று எப்படிக் கேட்பேன், சபைக்குக் கட்டியதைத் திரும்பக் கேட்டவர்கள் அந்த ஊரில் ஒருவரும் கிடையாது என்றான். தெரியும் என்றேன். உள்ளே எதுவோ, அவன் மறுத்துவிட்டால் இந்த மாடியில் இனி நான் தனியாகத்தான் சேலை உதறுவேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் போனான். முத்திருளாண்டியை அழைத்தான், கோயில் வரவுசெலவைப் பார்ப்பவர் அவர்தான், இவனுக்குச் சித்தப்பா முறை. இவன் பக்கத்துப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது. நல்லா இருக்கேன் என்றான். அம்மா பேருக்குக் கட்டினது பற்றி என்றான். இல்லை, கூடக் கட்டுவதற்காகக் கேட்கவில்லை, அவங்க பேரை எடுத்துவிடுங்கள் என்றான். கோபமெல்லாம் இல்லை என்றான். பெரியவங்களைக் கலந்துகிட்டே சொல்லுங்க, அவசரமில்லை என்றான். அதோடு முடித்திருக்கலாம். அந்தப் பக்கத்திலிருந்து என்ன கேட்டார்களோ தெரியவில்லை, இவன் மொட்டைத் தலையை ஒருமுறை தடவிக்கொண்டு, "எங்க அப்பத்தாளுக்கும் அப்படித்தான் வகுந்து குடுத்தீங்களாமே சித்தப்பா" என்றான். அதை நான் சொல்லச் சொல்லவில்லை. பிறகு சரி என்றான், சரி என்றான், மிக மெதுவாக இன்னொரு சரி.

திரும்பி வந்து வெள்ளைச் சேலையின் முனையைப் பிடித்தான். இழுத்தோம், உதறினோம், மடிப்பை நீவினோம். கரை ஒரு பக்கம் ஏறி இருந்தது, மறுபடி இழுத்தோம். அவன் சட்டைப்பையில் கைப்பேசி ஒலித்தது. ஒரு கையால் எடுத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். முனையை மட்டும் விடவில்லை. அனுப்பிவிட்டார்களா என்றேன். அனுப்பிட்டாங்க என்றான். ஆயிரத்து ஐந்நூறும் சரியாக வந்திருக்கிறதா என்றேன். அவன் திரையை என் பக்கம் திருப்பினான். கண்ணாடி கீழே மேசையில் இருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது, எண்களை அவ்வளவு பெரிதாகத்தான் போடுகிறார்கள். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.